பொருள்: 'கண்டறியப்படாத' நோயைக் 'கண்டறிதல்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
சீலியாக் நோய் பற்றிய சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பிலேயே இடறிவிட்டேன். "பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் கண்டறியப்படாத சீலியாக் நோயைக் கண்டறிதல்" என்று எழுதிப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மூலத்தில் இரண்டும் வேறு சொற்கள். முதலாவது, மருத்துவர் இன்னும் பெயர் சொல்லாத நிலை. இரண்டாவது, யாருக்கு இருக்கக்கூடும் என்று ஐயுற்றுத் தேடிப் பிடிப்பது. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே சொல்தானா?
— மொ.

மொ. அம்மா,
முதலில் 'சீலியாக்' எதற்கு? கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்துக்குப் 'பசையம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. 'பசைய ஒவ்வாமை' என்று போட்டு முடியுங்கள். எல்லோருக்கும் புரியும்.
— தி.

தி. ஐயா, புரியும், தப்பாகப் புரியும். இது ஒவ்வாமை அன்று, தன்னெதிர்ப்பு நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் பசையம் உள்ளே போனதும் எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. 'ஒவ்வாமை' என்று எழுதினால், "எனக்குத் தடிப்பு வருவதில்லையே" என்று உரியவரே பக்கத்தைப் புரட்டிவிடுவார். வயிற்றுத் தொல்லையே இல்லாமல், இரும்புச்சத்துக் குறைந்த சோகை, தீராத அசதி, வாய்ப்புண் என்று மட்டும் வருபவர்கள் உண்டு. குழந்தை என்றால் வளர்ச்சி நின்றுபோயிருக்கும். நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு உள்ள நோய் இது.
— மரு. க.

கிரேக்கத்தில் 'கோய்லியா' என்றால் வயிறு. 'கோய்லோஸ்' என்றால் உட்குழிவு. குழி, குழல், குடல் எல்லாம் ஒரே வேர் என்பது வெளிப்படை. கிரேக்கர் நம்மிடம் கடன் பெற்றதை நாம் திரும்பப் பெறுவோம்: 'குழனோய்'.
— பு.

மிளகோடு குழலும் கப்பலேறியதா, ஐயா? ஓசை ஒத்தால் உறவாகிவிடாது. என் கவலை வேறு. 'சீலியாக்' வல்லின மெய்யில் முடிகிறது; தமிழில் அது சொல்லின் இறுதியில் வராது. வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியர் வழி சொன்னார். 'சீலியம்' எனலாமே?
— செ.

சீலியம் என்றதும் என் மாணவர்கள் சிலியாவை, அதாவது குறு இழைகளை நினைப்பார்கள். 'சீலியாக்' இருக்கட்டும். 'பஸ்' ஸகரமெய்யில் முடிந்தும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
— உயிரியல் ஆசிரியை

மொ. அம்மா கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கண்டறியப்படாத நோய்க்கு 'கரந்துறை நோய்' என்பேன். கரத்தல், மறைதல். சித்திரகவியில் ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தால் கரந்துறைப் பாட்டு. கரப்பான் பூச்சிகூட இந்த வேர்தான் என்பது என் துணிபு. இந்நோயில் முழங்கையிலும் முழங்காலிலும் கொப்புளம் வருவதுண்டாம். தோல்நோய்க்கும் 'கரப்பான்' என்றுதானே பெயர்!
— வே.

அழகு, வே. ஐயா. ஆனால் அறிகுறியே காட்டாத சீலியாக் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 'கரந்துறை' அதற்குப் போய்விடும். இங்கே நோய் பெரும்பாலும் ஒளிந்திருக்கவில்லை, நாங்கள்தாம் பார்க்கவில்லை. பத்தாண்டு சோகைக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.
மொ. அம்மாவின் வேறுபாடு மருத்துவத்திலும் உண்டு. ஐயம் வந்தால் முதலில் ரத்தத்தில், இந்நோயில் எதிர்ப்பாற்றல் உண்டாக்கும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளும், கூடவே மொத்த ஐஜிஏ அளவும் பார்ப்போம். மொத்தம் குறைவாக இருந்தால் முதல் சோதனை பொய்யாக 'இல்லை' என்றுவிடும். இதுவரை 'இனங்காணல்'. பிறகு சிறுகுடலில் திசுத்துணுக்கு எடுத்துப் பார்த்துச் சொல்வது 'உறுதிசெய்தல்'. குழந்தைகளில் எதிர்ப்பொருள் இயல்பு அளவின் உச்சவரம்பைப் போல் 10 மடங்கோ மேலோ இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியும் ஒத்துவந்தால், திசு எடுக்காமலும் சொல்லலாம்.
— மரு. க.

அப்படியானால் 'உறுதிசெய்யப்படாத நோயை இனங்காணல்'?
— மொ.

உறுதிசெய்யப்படாத செய்தி என்றால் வதந்தி. நோய் அவரிடம் இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை.
— செ.

'அறியப்படாத' எனலாம்.
— தி.

அறிவியலுக்கே தெரியாத நோய் என்றாகிவிடாதா? 1888இல் ஆங்கில மருத்துவர் சாமுவேல் ஜீ விரித்துரைத்த நோய்.
— வே.

'இதுவரை' சேருங்கள்: 'இதுவரை அறியப்படாத சீலியாக் நோயை இனங்காணல்'. எனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை கிடக்கிறது.
— உயிரியல் ஆசிரியை

சரி.
— தி.

ஆட்சேபம் இல்லை. ஆர்வமும் இல்லை.
— செ.

தலைப்பு எப்படியும் போகட்டும். நீங்கள் அனுப்பிய நான்காம் பக்கத்தைப் பார்த்தேன்: "பசையம் தவிர்க்காமல் பரிசோதனைக்கு வர வேண்டாம்." பொருள் தலைகீழ்! பசையத்தை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து நோய் தப்பிவிடும். "பரிசோதனை முடியும்வரை பசைய உணவை நிறுத்தாதீர்கள், பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், நாள்தோறும் ஒரு வேளைக்கு மேல் உண்ணுங்கள்" என்று மாற்றுங்கள். இன்றே.
— மரு. க.

மாற்றிவிட்டேன். ஐந்து நாள் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவில்லை. தலைப்பு ஆசிரியை சொன்னபடியே போகிறது.
— மொ.

அடிக்குறிப்பிலாவது 'கரந்துறை நோய்' என்று?
— வே.

இடமில்லை, ஐயா.
— மொ.