‘இன்சர்ட்’டுக்குத் தமிழ் என்ன? கிதார் கழுத்தும் மரைச்சுரையும்

கையேட்டுத் தொகுப்பாளர், பாம்பன் – செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். இசைக்கருவிப் பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கழுத்தைக் கழற்றி மாட்டுதல்’ பாடத்தில் ஒரு பொருளுக்குப் பெயர் கிடைக்காமல் நிற்கிறேன்.

மின்கிதாரின் கழுத்தை உடலோடு இறுக்கிப் பிடிப்பவை வழக்கமாக நான்கு மர ஸ்க்ரூக்கள், சுமார் 45 மி.மீ. நீளம். கழற்றிக் கழற்றி மாட்டினால் கழுத்தின் மேப்பிள் மரத்தில் ஸ்க்ரூ வெட்டிய தடம் தேய்ந்துவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் சுற்றுமே தவிரப் பிடிக்காது. மாற்றுவழி, கழுத்தின் அடிக்கட்டையில் நான்கு உலோகக் குழல்களைப் பதிப்பது. குழலின் வெளியே மரத்தைக் கவ்வும் முரட்டு மரை, உள்ளே எம்5 (5 மி.மீ. பருமன்) மெஷின் ஸ்க்ரூ ஏறும் நுண்மரை. பட்டறையில் இதை ‘இன்சர்ட்’ என்கிறார்கள். வரைவில் ‘மரைச்செருகி’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர், தொண்டி – செவ்வாய் மதியம்

ஒப்பாததற்குக் காரணம் உண்டு. கொண்டையில் பூவைச் செருகுகிறோம், இடுப்பில் அரிவாளைச் செருகுகிறோம். இழுத்தால் வந்துவிடும். இழுத்தாலும் வராமல் இருக்கத்தானே இந்தக் குழலே? தவிர, ‘செருகி’ என்றால் செருகுகின்ற பொருள். இது செருகப்படும் பொருள்.

என் பரிந்துரை ‘புரிக்குழல்’. புரிதல் என்றால் முறுக்குதல். முப்புரி நூல், வலம்புரி எல்லாம் அந்த வேரில் வந்தவை. கடிகார முள் திசையில் இறுகும் மரையை ‘வலம்புரி மரை’ என்றே சொல்லிவிடலாம். ‘மரை’யா ‘மறை’யா என்று அச்சில் இரண்டும் உலவுகிற குழப்பமும் தீரும்.

படகுத் தச்சர், மண்டபம் – செவ்வாய் மாலை

ஐயா, புரி வேண்டாம். இந்தக் கரையில் புரி என்றால் கயிற்றுப் புரி. மூணு புரிக் கயிற்றில் ஒரு புரி அறுந்துபோச்சு என்று தினமும் சொல்கிறோம். ‘புரி போச்சு’ என்று கையேட்டில் இருந்தால் பையன் கயிற்றைத்தான் தேடுவான். ‘மரை போச்சு’ என்றால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

‘செருகப்படும் பொருள்’ என்று தள்ளியதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஊருணி ஊரை உண்கிறதா, ஊர் உண்கிறதா? இராமநாதபுரத்துக்காரர்களான நமக்கே இதைச் சொல்லித்தர வேண்டுமா?

தமிழாசிரியர், தொண்டி – செவ்வாய் இரவு

ஊருணியை ஏற்கிறேன். இகர விகுதி வினைமுதலுக்கும் வரும், செயப்படுபொருளுக்கும் வரும், கருவிக்கும் வரும். அலரி, ஊருணி, மண்வெட்டி. இலக்கணத் தடையை விலக்கிக்கொள்கிறேன், பொருள் தடை நிற்கிறது.

சங்கு ஆய்வு மாணவி, கீழக்கரை – புதன் காலை

ஐயா, ‘வலம்புரி மரை’யைத் தயவுசெய்து கைவிடுங்கள். பிழையாகிவிடும்.

நம் கடலில் குளித்தெடுக்கும் சங்கில் பெரும்பாலும் எல்லாமே இடம்புரி, வலம்புரி அரிதினும் அரிது. ஒரு இடம்புரிச் சங்கையும் கடையில் வாங்கிய சாதாரண ஸ்க்ரூவையும் பக்கத்தில் வைத்து, இரண்டின் சுருளையும் விரலால் தொடர்ந்து பாருங்கள். ஒரே திசையில் சுற்றும். விலங்கியலார் இந்தச் சங்கை வலச்சுழி என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். அவர்கள் சுருளின் உச்சியை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், வாய் வலப்புறம் விழுகிறது. நாம் எதிர்முனையான மூக்கை மேலே வைக்கிறோம், வாய் இடப்புறம் விழுகிறது. ஆக, கடிகார முள் திசையில் இறுகும் மரைக்கு வலம்புரி என்று பெயர் வைத்தால், அது சுற்றும் திசை இடம்புரிச் சங்கின் திசை. சங்கு தெரிந்த ஊரில் இந்தப் பெயர் நிற்காது.

கிதார் பழுதுநீக்குநர், இராமேசுவரம் – புதன் மதியம்

சங்கு விளக்கம் அருமை, தங்கச்சி. பெயர் எதுவானாலும் வேலை தவறாமல் இருக்க, பாடத்தில் இருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எது முக்கியம் என்று தெரிந்தால் பெயரும் அமையும்.

மரை கழுத்தில் மட்டும்தான். உடலில் போடும் துளை வெறும் வழி. எம்5 ஸ்க்ரூவுக்கு 5.5 மி.மீ. துளை போட்டால் கையால் தள்ளினாலே ஸ்க்ரூ வழுக்கிப் போகும். உடலையும் ஸ்க்ரூ கவ்வினால், இரண்டு மரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அப்படியே பூட்டிக்கொள்ளும், முறுக்கினாலும் நெருங்காது. துளை தளர்வு என்பதால், உடலில் கழுத்து உட்காரும் பள்ளம் பக்கவாட்டில் கச்சிதமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து நகரும்.

நீளக் கணக்கு: உடலின் கனம் 45 மி.மீ., பள்ளத்தின் ஆழம் 16, மிச்சம் 29. ஸ்க்ரூத் தலை உட்காரும் பின்தகடு 2. 40 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் 9 மி.மீ. கழுத்துக்குள் போகும், 45 போட்டால் 14. 13 மி.மீ. குழலுக்கு 16 மி.மீ. ஆழத்தில் துளை போதும். விரற்பலகையோடு சேர்த்து அடிக்கட்டை சுமார் 25, பலகை 6. பலகைக்குக் கீழே 3 மி.மீ. மரம் மிஞ்சும். 50 மி.மீ. ஸ்க்ரூவை மாட்டினால் நுனி அடியில் முட்டும். கை இறுகியதாகச் சொல்லும், கழுத்து ஆடும்.

பித்தளைக் குழல் மேப்பிளில் உடைவது அடிக்கடி நடக்கும். தலையில் உள்ள வெட்டில் திருப்புளியை வைத்துத் திருகினால் வெட்டின் ஒரு பக்கம் பிய்ந்து, குழல் பாதியில் கோணலாக நின்றுவிடும். வெளிமரை நீங்கலாகக் குழலின் தண்டு 7.5 மி.மீ. என்றால் மென்மரத்தில் துளையும் 7.5, மேப்பிளில் 8. முதலில் அதே மரத்துண்டில் சோதிக்க வேண்டும். போல்ட்டில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, அதில் குழலை மாட்டி, டிரில்லிங் மெஷினில் பிடித்து, கரண்ட்டை அணைத்துவிட்டுக் கையால் சுற்றி இறக்கினால் செங்குத்தாகப் போகும். மரைக்கு மெழுகு தடவ வேண்டும்.

துளையின் வாயைச் சற்றுச் சரித்து வெட்டாமல் விட்டால், குழல் இறங்கும்போது மரநார் வாயைச் சுற்றி வரப்பு மாதிரி எழும்பும். அந்த வரப்பு கால் மில்லி இருந்தாலும் கழுத்து பள்ளத்தில் படியாது. குழல் மட்டத்துக்கு அரை மில்லி கீழேயே நிற்கட்டும்.

உப்புக்காற்றுக்குத் துத்தநாகம் பூசிய ஸ்க்ரூ தாங்காது. எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு) நல்லது. எஸ்.எஸ். குழலில் எஸ்.எஸ். ஸ்க்ரூ என்றால் ஒன்றையொன்று கவ்விச் சிக்கிக்கொள்ளும், துளி கிரீஸ் வேண்டும். பித்தளைக் குழல், எஸ்.எஸ். ஸ்க்ரூ என்ற சேர்க்கையில் அந்தத் தொல்லை குறைவு.

நகைத் தொழிலாளி, தேவிபட்டினம் – புதன் இரவு

இதுக்குப் பெயர் எங்கள் பட்டறையில் பழசாகவே இருக்கிறதே. தோட்டில் திருகாணி ஏறும் உள்மரைக் குழலை ‘சுரை’ என்கிறோம். உள்ளே துளை, துளைக்குள் மரை. மரத்தில் போகிறது என்பதற்காக வேறு பெயரா? மரைச்சுரை என்று வையுங்கள்.

தமிழாசிரியர், தொண்டி – வியாழன் காலை

சுரை நல்ல சொல்தான். ஆனால் பொருநராற்றுப்படையில் யாழை வருணிக்கும்போது, வளையில் வாழும் நண்டின் கண்ணைப் போல ஆணி துளைவாயைத் தூர்த்து நிற்பதாக வருகிறது, ‘துரப்பமை ஆணி’ என்று. நரம்பிசைக் கருவி, மரத்துளை, அதை அடைத்து நிற்கும் உறுப்பு, மூன்றும் அங்கேயே இருக்கின்றன. நண்டுக் கண் துளையை அடைத்து, விளிம்போடு ஒட்டி நிற்கும் அழகைக் கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘தூர்ப்பாணி’ என்றால் இசைக்கருவிக்கே உரிய சொல்லாக இருக்குமே.

கிதார் பழுதுநீக்குநர், இராமேசுவரம் – வியாழன் மதியம்

ஐயா, அந்த ஆணி துளையை முழுதாக மூடிவிடுகிறது. நம் குழலின் வேலையே துளையை மரத்திலிருந்து உலோகத்துக்கு மாற்றித் திறந்து வைப்பது. ஆணி என்ற சொல் உள்ளே போகும் ஸ்க்ரூவுக்குத்தான் பொருந்தும். ‘தூர்ப்பாணியில் ஸ்க்ரூவை ஏற்று’ என்று படிக்கிற பிள்ளை குழம்பும். மரைச்சுரைக்கு என் ஓட்டு.

படகுத் தச்சர், மண்டபம் – வியாழன் மதியம்

எனக்கும் சுரை சம்மதம். ‘இயந்திரத் திருகு’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், மோட்டாரில் இருக்கும் திருகு என்று நினைப்பார்கள். மர ஸ்க்ரூ நுனி கூர், இது மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன். கூர்த்திருகு, நேர்த்திருகு என்று பிரிக்கலாமே.

சங்கு ஆய்வு மாணவி, கீழக்கரை – வியாழன் மாலை

மரைச்சுரைக்குச் சம்மதம். நேர்த்திருகு என்றால் ‘நேராகத் திருகு’ என்று ஏவலாகவும் படிக்கலாம், அண்ணே. செய்முறை வரியில் அது இடறும்.

கையேட்டுத் தொகுப்பாளர், பாம்பன் – வியாழன் இரவு

நால்வர் மரைச்சுரை, அதையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் ‘இன்சர்ட் என்று கடையில் கேட்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். மெஷின் ஸ்க்ரூ இந்தப் பதிப்பில் அப்படியே போகிறது. நேர்த்திருகுக்கு இன்னும் இருவராவது ஆதரவு சொன்னால் அடுத்த பதிப்பில் பார்க்கலாம். படம் இணைத்திருக்கிறேன்.

தமிழாசிரியர், தொண்டி – வியாழன் இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. யாழுக்கு இருந்த சொல்லைக் கிதாருக்குத் தராமல் விட்டோம் என்ற என் கருத்தைப் பதிவில் வையுங்கள்.

கிதார் பழுதுநீக்குநர், இராமேசுவரம் – வெள்ளி காலை

படம் பார்த்தேன். உடலின் துளைக்குள்ளும் மரைக்கோடு வரைந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அதை அழித்துவிடுங்கள், துளை வழுவழுப்பாகத் தெரியட்டும்.