தர்க்கப் பிழைகளின் பெயரெல்லாம் தெரியும், தெளிவாக யோசிக்கத்தான் வரவில்லை

இரவுப்பறவை:
கொஞ்ச காலமாகத் தர்க்கப் பிழைகளைப் பற்றிப் படித்து வருகிறேன். கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குவது, சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி மறுப்பது என எல்லாம் இப்போது அத்துப்படி. மச்சான் பேச ஆரம்பித்தால் எங்கே சறுக்குகிறார் என்று உடனே சொல்லிவிடுவேன். பலன்? அவர் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டார். என் சொந்த முடிவுகளில் ஒரு முன்னேற்றமும் இல்லை.

உதாரணத்துக்கு, ராத்திரி வைஃபையை அணைத்துவிட்டுப் படுத்தால் தலைவலி போகும் என்று அவர் சொன்னார். அணைத்தேன், குறைந்துவிட்டது. இதை நம்புவதா, வேண்டாமா? புத்தகப் பட்டியல் வேண்டாம். அன்றாடம் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

வாதப்பிரியன்:
விவாத மேடையில் சேருங்கள். இரண்டு பக்கமும் பேசிப் பழகினால் தானாக வந்துவிடும்.

பழைய மீட்டர்:
மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர் தனக்குப் பிடித்த பக்கத்துக்கு இன்னும் நன்றாக வக்காலத்து வாங்குவார், அவ்வளவுதான்.

நான் எலக்ட்ரீஷியன். ஒயரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்ய எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் டெஸ்டரை, கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம். அப்புறம் வேலை செய்ய வேண்டிய ஒயரில். கடைசியாக மறுபடியும் முதல் இடத்தில். எதற்கு இத்தனை சிரமம் என்றால், டெஸ்டரே செத்துப்போயிருந்தால் எல்லா ஒயரும் கரண்ட் இல்லாத ஒயராகத்தான் தெரியும். கை வைத்த பிறகுதான் உண்மை புரியும். எதையாவது நம்பும் முன் நான் கேட்டுக்கொள்வதும் இதையொட்டித்தான்: இது பொய்யாக இருந்தால், அது எனக்குத் தெரியவரும்படி ஏதாவது செய்து பார்த்தேனா?

இது யாருக்கும் இயல்பாக வருவதில்லை. 1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை வைத்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன; நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லி விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் 8, 10, 12 என்பது போல ஆரம்பித்தார்கள். ‘பொருந்துகிறது’ என்று பதில் வந்தது. இரண்டிரண்டாகக் கூடுவதுதான் விதி என்று அடித்துச் சொன்னார்கள். தவறு. ஏறுவரிசையில் இருந்தால் போதும், 1, 2, 50-கூடப் பொருந்தும். தாங்கள் நினைத்த விதியை உடைக்கிற எண்களைச் சொல்லிப் பார்த்திருந்தால் சீக்கிரமே பிடிபட்டிருக்கும்.

உங்கள் வைஃபை விஷயத்துக்கு வருகிறேன். தலைவலி தாங்க முடியாதபோதுதானே மச்சான் பேச்சு காதில் ஏறியது? வந்து வந்து போகிற வலி உச்சத்துக்குப் போனால், அடுத்து இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் அதற்குத்தான் நல்ல பெயர். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் கொஞ்சம் குட்டையாக இருப்பதைக் கால்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1886-இலேயே எழுதிவிட்டார். உங்கள் தலைவலியும் அதே கணக்குதான்: உச்சத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் சராசரிப் பக்கம்தான் திரும்பும்.

செய்து பார்க்க ஒரு வழி: தினமும் படுக்கப்போகும்போது நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் வைஃபை ஆன், பூ விழுந்தால் ஆஃப். காலையில் வலி எவ்வளவு என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். கணக்கை ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், நடுவில் வேண்டாம். வலி அடிக்கடி வருவதானால் இதற்காகக் காத்திருக்காமல் டாக்டரையும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஃபார்வர்டுகளில் ‘இரண்டு மடங்கு ஆபத்து’ என்று வந்தால், எதன் இரண்டு மடங்கு என்று கேளுங்கள். 1995-இல் பிரிட்டனில் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. உண்மைதான். 7,000 பேரில் ஒருவருக்கு இருந்தது இரண்டு பேருக்கு ஆனது. பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டார்கள். இத்தனைக்கும், கர்ப்பத்தால் வரும் ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

இரவுப்பறவை:
மீட்டர் அண்ணா, நாணயம் சுண்டும் திட்டத்தை மனைவியிடம் சொன்னேன். ‘ஆன், ஆஃப் உங்களுக்கே தெரிந்தால் மார்க்கும் அதற்கேற்ற மாதிரிதானே விழும்?’ என்கிறாள். நாணயத்தை அவளே சுண்டுவாளாம், ரூட்டர் விளக்கின் மேல் டேப் ஒட்டிவிடுவாளாம், காலை வரை என் போன் அவளிடம் இருக்குமாம்.

பழைய மீட்டர்:
அவர் சொல்வதுதான் சரி, என் திட்டத்தைவிட இது மேல். ஆராய்ச்சிகளிலும் இப்படித்தான் மறைத்துச் சோதித்திருக்கிறார்கள். செல்போன், வைஃபை மாதிரியானவற்றின் அலையை உணர முடிகிறது என்று சொன்னவர்கள், அது இருக்கிறதா இல்லையா என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகச் சொல்லவில்லை. உங்கள் முடிவு எப்படி வந்தாலும் இங்கே போடுங்கள். மச்சானிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.