வீடு வீடாகப் போனபோது: வன்னிப் பங்குகளின் தவக்கால அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து ஒருவர்:

இந்த முறை பாதர் உண்டியலைப் பற்றி அதிகம் பேசவில்லை. உலருணவுப் பொதி கட்டி, கோவில் மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கொடுப்பதை நிறுத்துவோம் என்றார். அன்பியம் அன்பியமாக, அதாவது பங்கின் அயல்வீட்டுக் குழுக்களாகப் பிரிந்து வீடுகளுக்குப் போக வேண்டும், வேதக்காரர் வீடா சைவக்காரர் வீடா என்று பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டதும் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் முள்கம்பிக்குள்ளே வரிசையில் நின்று வாங்கியவர்கள் நாங்கள். கையில் பொதியோடு கமெராவைப் பார்த்து நிற்பது எப்படியிருக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இரணைமடுப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு அப்பு வீட்டுக்குப் போனோம். நாங்கள் வாய் திறக்க முன்னமே உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்துவிட்டார். குடும்ப அட்டை, அடையாள அட்டைப் பிரதிகள், காணாமல் போன மகனைப் பற்றி எங்கெங்கோ எழுதிய கடிதங்கள். எல்லாவற்றையும் திண்ணையில் வரிசையாக அடுக்கினார்.

“எந்த அமைப்பு தம்பி? பேர் பதியவோ?”

“இல்லை அப்பு, சும்மா பார்க்க வந்தனாங்கள்.”

“சும்மாவோ?” நம்பாமல் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிளேன்டீ போட்டு, பனங்கட்டித் துண்டோடு தந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். முக்கால்வாசியும் வயலும் தண்ணீரும்தான். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவில் மாட்டை அவிழ்த்துவிட்ட கதையும் வந்தது. மகனைப் பற்றி அவராகச் சொன்னது இரண்டு வசனம், நாங்களும் கிண்டவில்லை. கடைசியில்தான் தெரிந்தது, அவருக்கு அரிசி அவசரமில்லை, கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். இப்போது எங்கள் அன்பியத்துப் பெடியன் ஒருவன் கிளினிக் நாளில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறான். மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தால் ஐந்து கிலோ அரிசியோடு அனுப்பியிருப்போம்.

முல்லைத்தீவுப் பக்கம், மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்:

உதவி கொடுக்கப் பேர் எழுதும் லிஸ்ட் என்றதும் எனக்குத் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம்தான் நினைவு வரும். முதல் திருச்சபையிலேயே அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள். முணுமுணுப்பு எழுந்தது. அதைக் குற்றமாக எடுக்காமல் ஏழு பேரை அந்த வேலைக்கென்றே நியமித்தார்கள். எங்கள் ஊரில் முணுமுணுத்தால் அடுத்த லிஸ்டிலும் பேர் இருக்காது. சரி, அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது இடியப்பம் அவித்து விற்கும் ஒரு தங்கச்சியைப் பற்றி. கணவன் போரில் போய்விட்டார், இரண்டு பிள்ளைகள். பொதியை நீட்டினேன். “அரிசி இருக்கு ரீச்சர். வியாழக்கிழமைதான் பிரச்சினை” என்றாள். வியாழன் என்றால் நுண்கடன்காரன் மோட்டார் சைக்கிளில் வரும் நாள். ஒரு கம்பனிக் கடனை அடைக்க இன்னொன்றில் எடுத்திருக்கிறாள். குழுக்கடன் என்பதால் இவள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்ட வேண்டும், அதனால் அவர்களே வந்து வாசலில் நிற்கிறார்கள். கடன்காரனை விட அதுதான் அவளுக்கு வெட்கம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. இவள் எடுத்தவை அதற்குப் பிந்தியவை.

ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்ட பகுதியை வாசிக்காத கோவில் இல்லை. மாற்கு 12இல் அதற்கு முந்தின வசனத்தை யாரும் பிரசங்கத்தில் தொடுவதில்லை. கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இயேசு அங்கேதான் கண்டிக்கிறார். அதோடு சேர்த்து வாசித்தால் அந்தப் பெண்ணைப் பாராட்டிவிட்டு எழும்பிப் போக முடியாது.

பங்கு நிர்வாகத்தைப் பார்க்கும் அருட்பணிச் சபையில் கதைத்தேன். கோவில் காசு வட்டிக்காரன் பைக்குள் போகவா என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்கு முழுப் பதில் இல்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, சின்னக் கடனை மட்டும் தவக்காலக் காணிக்கையிலிருந்து அடைத்து, அவளைச் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்துவிட்டோம். மற்றக் கடன் இன்னும் ஓடுகிறது. வியாழக்கிழமை இன்னும் வருகிறது, ஆனால் ஒரு மோட்டார் சைக்கிள்தான்.

மடுப் பக்கம், அன்பியப் பொறுப்பாளர் ஒருவர்:

மேலே உள்ளவை பெரிய விசயங்கள். என்னுடையது பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்து மாதக் கடைசியில் சேர்ப்பது, அம்மம்மா காலத்துப் பழக்கம்தான். திரும்பத் தொடங்கினோம். காசு தர முடியாதவர்களும் தருகிறார்கள், போன வருசம் வாங்கிய குடும்பங்களும் தருகின்றன. அதில் ஒரு சிக்கல்: சம்பா அரிசி, நாடு அரிசி, சிவப்புப் பச்சையரிசி எல்லாம் ஒரே சாக்கில் கலந்து வந்தது. ஒன்று குழைய மற்றது அவியாது. வாங்கிய அக்கா ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார், “தம்பி, இதைக் கஞ்சிக்கு மட்டும்தான் போடலாம்.” இப்போது மூன்று வாளி வைத்திருக்கிறோம். எந்த வாளியில் எதைப் போடுவது என்று ஞாயிறு பூசை முடிந்ததும் பாதரே அறிவிக்கிறார்.