38 பிள்ளைகள், குழுவுக்கு ஒருவர்தான் கதைக்கிறார்: குழுக் கலந்துரையாடலை எப்படிப் பழக்குவது?

வெண்கட்டி (கொழும்பு 6)

தரம் 7, தமிழ்மூலம், 38 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. குடியியலில் குழுச் செயற்பாடு கொடுத்தால் ஆறு பேரில் ஒருவர் கதைக்கிறார், ஒருவர் டிமை தாளில் (சுவரில் ஒட்டும் பெரிய தாள்) எழுதுகிறார், மிச்சப் பேர் அழிறப்பரைச் சுண்டி விளையாடுகிறார்கள். கதைக்கிற குழுக்களிலோ சண்டை. பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு பலகைத் தட்டிதான், சத்தம் கூடினால் அங்கிருந்து ஆள் வரும். எல்லாரும் வாய் திறக்கவும் வேண்டும், மற்றவர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். எங்கே தொடங்குவது?

வாங்குமேசை

முதலில் ஆறை நாலாக்குங்கள். 10 நிமிடத்தை ஆறு பேர் சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு 1 நிமிடம் 40 விநாடிதான். வாய்க்காரர் இருவர் 7 நிமிடத்தை எடுத்துவிட்டால் மற்ற நால்வருக்கும் ஆளுக்கு முக்கால் நிமிடம். 38 பேர் என்றால் நால்வராக 8 குழு, மூவராக 2 குழு. மிஞ்சியவரை ஐந்தாவது ஆளாகச் செருகினால் அவர் பார்வையாளர் ஆகிவிடுவார்.

மேசைகளை இழுக்கத் தேவையில்லை. முன் வரிசைப் பிள்ளைகள் கதிரையைத் திருப்பிப் பின்மேசையைப் பார்த்து இருந்தால் போதும். நடுவில் ஒரு மேசைதான் இருந்தால் குரல் தானாகத் தாழும். இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டால் அவ்வளவு தூரத்துக்குக் கத்தத்தான் வேண்டும்.

பிறகு நேரம். 2 நிமிடம் யாரும் கதைக்கக்கூடாது: ஒவ்வொருவரும் ரஃப் கொப்பியில் ஒரு கருத்து, ஒரு காரணம். 3 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு. 8 நிமிடம் நால்வராக. 1981இல் அமெரிக்கக் கல்வியியலாளர் பிராங் லைமன் சொன்ன ‘யோசி, சோடியாகப் பேசு, பகிர்’ முறைதான், நான் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். நேரம் போதாவிட்டால் எதைக் குறைத்தாலும் அந்த முதல் 2 நிமிடத்தில் கைவைக்காதீர்கள். அது இல்லையென்றால் வேகமான பிள்ளை கருத்தைச் சொல்லி முடித்துவிடும், மற்றப் பிள்ளைகள் “நானும் அதுதான் நினைச்சன்” என்று தப்பிவிடுவார்கள்.

டிமை தாளைக் கடைசி 3 நிமிடத்தில்தான் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் குழு முழுக்க எழுதுகிறவரின் கையெழுத்தையும் கலர்ப் பேனையையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் விடக் கேள்வி முக்கியம். “சூழல் மாசடைதல் பற்றிக் கலந்துரையாடுக” என்பது கேள்வியே இல்லை, விடை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “கன்ரீனில் ஒரு பொருளை நிறுத்தியே ஆக வேண்டும். ரோல்ஸ், பருப்பு வடை, மீன் பணிஸ், பக்கற் மிக்சர். நாலையும் வரிசைப்படுத்துங்கள், நால்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும்.” வரிசைப்படுத்தச் சொன்னால் கருத்து வேறுபாடு தானாக வரும். ஒரே வரிசைதான் என்றால் அதைத் தீர்க்காமல் எழும்ப முடியாது.

கடலோரம்

மேலே சொன்னதோடு போத்தல் மூடியும் சேர்த்துக்கொள்ளுங்கோ. ஆளுக்கு 3 மூடி, வாய் திறக்கும்போது ஒன்றை நடுவில் வைக்கவேணும், முடிந்தால் மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கவேணும். இதில் ஒரு கள்ளம் இருக்கு: பிள்ளைகள் “ஓம்”, “சரி” என்று சொல்லியே மூடியைத் தீர்த்துவிடுவினம். அதனால் இரண்டு நிறம் வையுங்கோ. நீலம் என்றால் சொந்தக் கருத்து, சிவப்பு என்றால் இன்னொருவர் சொன்னதைப் பற்றிய கேள்வி. இரண்டு சிவப்பு, ஒரு நீலம். இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு மூடியை எடுத்துவிடுங்கோ, இல்லாட்டி விளையாட்டு மூடியிலேயே நின்றுவிடும்.

தட்டிக்கு அப்பால்

கேட்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரு விதி: தன் கருத்தைச் சொல்லுமுன் முந்தியவர் சொன்னதை ஒரு வரியில் சொல்ல வேண்டும், அவர் “ஓம், அதுதான்” என்ற பிறகே தொடரலாம். 5 நிமிடத்துக்கு மட்டும். முழு நேரமும் வைத்தால் கதை செத்துவிடும்.

தொடக்க வாக்கியங்களைச் சுவரில் ஒட்டுகிறவர்கள் “தங்கள் கருத்துடன் நான் உடன்படவில்லை” என்று எழுதி ஒட்டுகிறார்கள். 12 வயதுப் பிள்ளை அதைச் சொன்னால் தமிழ்த் தினப் போட்டி மேடைதான் ஞாபகம் வரும். “நீ சொன்னதில ஒண்டு மட்டும் விளங்கல்ல”, “அதுக்கு ஒரு உதாரணம் சொல்லு”, “அது சரி, ஆனா...” என்று வாயில் வருகிற மாதிரியே எழுதுங்கள்.

கொழும்பு வகுப்பில் இன்னொன்று. யாழ்ப்பாணம், மலையகம், மட்டக்களப்பு, முஸ்லிம் வீட்டுத் தமிழ் எல்லாம் ஒரே வாங்கில் இருக்கும். பேச்சைக் கேட்டு ஒரு முறை சிரித்தால் அந்தப் பிள்ளை தவணை முழுக்க மௌனம். பேச்சுவழக்குக்குச் சிரிக்கக்கூடாது, சிங்களச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ கலந்தால் பரவாயில்லை என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். நாங்களும் நடுவில் புகுந்து உச்சரிப்பைத் திருத்தக்கூடாது.

சண்டைக்குக் காரணம் விவாதப் பழக்கம்: வெல்ல வேண்டும், விட்டுக்கொடுத்தால் தோல்வி. கல்வி ஆய்வாளர் நீல் மெர்சர் பிள்ளைகளின் குழுப் பேச்சை மூன்றாகப் பிரித்தார்: எதிர்த்துக்கொண்டே இருப்பது, ஓம் ஓம் என்று சேர்த்துக்கொண்டே போவது, காரணம் கேட்டுச் சேர்ந்து தேடுவது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டும். முடிவில் “யார் வென்றது?” என்று கேட்காமல், “யாருக்கு மனம் மாறியது, எந்தக் காரணத்தால்?” என்று கேளுங்கள். புள்ளி போடுவதென்றால் அந்தப் பதிலுக்குப் போடுங்கள்.

வாங்குமேசை

இதோடு ஆசிரியரின் வாயையும் கட்ட வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் சராசரியாக 1 விநாடியே காத்திருப்பதைக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து காட்டினார். 3 விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. மனதுக்குள் எண்ணுங்கள். பிள்ளை சொன்ன பதிலை உரத்துத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம். மிஸ் எப்படியும் திருப்பிச் சொல்வார் என்று தெரிந்தால் பின்வரிசை ஏன் அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும்?

வெண்கட்டி (கொழும்பு 6)

நன்றி. இரண்டு சந்தேகம். தட்டிச் சத்தம் இன்னும் பயமாக இருக்கிறது. மற்றது, எதைச் செய்தாலும் வாயே திறக்காத இரண்டு மூன்று பேர்.

கடலோரம்

சத்தத்துக்கு: கிழமையில் ஒரு நாள் ஒரு குழு மட்டும் நடுவில் இருந்து கதைக்க, மற்றவர்கள் சுற்றி நிற்கட்டும். வெளியே நிற்கிற ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு ஆளை ஒதுக்கி, அவர் கேட்ட கேள்வி, சொன்ன காரணம் இரண்டுக்கும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கோ. 6 நிமிடம் போதும், பிறகு ஆள் மாற்றம். மற்ற நாளில் உங்கட கை உயர்ந்தால் பார்த்தவரும் கை உயர்த்தி வாயை மூடவேணும். உரத்துக் கத்தி அடக்கப் பார்த்தால் அவையளும் உரத்துக் கத்துவினம்.

வாய் திறக்காதவர்களை வாய்க்காரரோடு கலந்து விடாதேங்கோ. அமைதியானவர்கள் நால்வரை ஒரு குழுவாக்கினால் யாராவது தொடங்கியே ஆகவேணும். வாய்க்காரர் நால்வரையும் ஒன்றாக்கினால் அவையளும் கேட்கப் பழகுவினம். முதல் நாளில் ரஃப் கொப்பியில் எழுதினதை வாசிச்சாலே போதும். ஒரு முறை “பிறகு சொல்லுறன்” என்று விடலாம், ஆனால் அந்தச் சுற்று முடிய முன்னம் திரும்ப அவரிட்ட வரவேணும்.