ஹோலும் சாப்பாட்டு இடமும் பான்றியும் (சமையல் பக்கம்) ஒண்டா இருக்கிற வீட்டுக்கு என்ன கேட்டின் (யன்னல் திரை) போடலாம்?

பரந்தன் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். இந்தியன் வீட்டுத்திட்டத்தில (சண்டைக்குப் பிறகு இந்திய அரசின்ர உதவி) கிடைச்ச 550 சதுர அடி வீட்டை போன வருசம் பின்பக்கம் இழுத்துக் கட்டி, நடுச்சுவரையும் உடைச்சு (பீம் போட்டுத்தான் உடைச்சது, பயப்பிடாதேங்கோ) ஹோல், சாப்பாட்டு மேசை, பான்றி எல்லாம் ஒரே வெளியா வந்திட்டுது. இப்ப பிரச்சினை யன்னல். கிழக்கால ரெண்டு பழைய மர யன்னல், 4 அடி உயரம். மேற்கால வயலைப் பாத்தபடி 8 அடி அகலத்தில புது அலுமினிய சிலைடிங் கதவு. தெற்கால பான்றி சிங்குக்கு மேல ஒரு சின்ன யன்னல். செற்றியில (சோபாவில) இருந்து பாத்தா நாலும் ஒரேயடியாத் தெரியுது, உயரம் ஒண்டுக்கொண்டு ஒத்துவரேல்லை. இவர் எல்லாத்துக்கும் மெரூன் வெல்வெட் போடுவம் எண்டுறார், கனடாவில இருக்கிற மச்சாள் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கலர் எண்டு படமா அனுப்புறா. சுவர் கிறீம் கலர், தரை ரைல்ஸ் சாம்பல், செற்றி கடும்பச்சை. எல்லாம் ஒரே துணியா இருக்கவேணுமோ இல்லாட்டி மாத்தலாமோ, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வவுனியா தையல்காரி:
தங்கச்சி முதல்ல வெல்வெட்டை மறவுங்கோ. நான் 2 வருசத்துக்கு முன்னம் ஒரு வீட்டுக்குத் தைச்சுக் குடுத்தனான், கார்த்திகை மழையோட அது ஈரத்தைக் குடிச்சு மணக்கத் தொடங்கிட்டுது, கழட்டித் தோய்க்கவும் ஏலாது, பாரம்.

ஒரே துணி வேண்டாம், ஆனா கம்பி ஒரே கோட்டில ஓடவேணும். அதுதான் கண்ணுக்கு முதல்ல படுறது. சிலைடிங் கதவுக்கு ரைல்ஸில இருந்து ஏழரை அடியில கம்பி வந்தா கிழக்கு யன்னலுக்கும் அதே ஏழரை அடி, யன்னல் நிலை கீழ இருந்தாலும் பரவாயில்லை, மேல இருக்கிற சுவரைத் துணி மறைச்சிடும், யன்னலும் பெரிசாத் தெரியும். கம்பியின்ர கலரும் ஒண்டா இருக்கட்டும். துணிக்கு ஒரு அடிக்கலர் எடுங்கோ, உங்கட ரைல்ஸுக்கு மணல் கலர் நல்லா வரும். கிழக்குக்கு அதே கலரில மெல்லிய பருத்தி, மேற்குக்கு அதே கலரில தடிச்சது, லைனிங் வைச்சு. பச்சையை செற்றியோட விடுங்கோ, வேணுமெண்டா கேட்டின் கட்டுற நாடாவில கொஞ்சம் வரட்டும்.

கடைக்குப் போக முன்னம் கணக்கைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ, இல்லாட்டி கூடத் தலையில கட்டிவிடுவாங்கள். 8 அடிக் கதவுக்குக் கம்பி 9 அடி, ரெண்டு பக்கமும் அரையடி வெளிய நிக்கவேணும், அப்பத்தான் துணியை ஒதுக்கேக்க கதவை அவ்வளவா மறைக்காது. 9 அடி எண்டா 108 இஞ்சி, சுருக்குக்கு ரெண்டு மடங்கு, 216. 54 இஞ்சி அகலத் துணியெண்டா சரியா நாலு துண்டு. உயரம் 90, மேல கீழ மடிப்புக்கு 10, ஆக நாலு துண்டுக்கும் 400 இஞ்சி, பதினொண்டரை யார் (ஒரு யார் 36 இஞ்சி) வாங்கினாக் காணும். 110 இஞ்சி அகலத் துணி கிடைச்சா அதைப் பக்கவாட்டில திருப்பித் தைக்கலாம், ஆறேகால் யார் போதும், மூட்டும் வராது. ஆனா பூப்போட்ட துணியை அப்பிடித் திருப்பினா பூவெல்லாம் படுத்துக் கிடக்கும், வெறும் துணிக்குத்தான் சரி. பருத்தியெண்டா வெட்ட முன்னம் ஒருக்காத் தோய்ச்சுக் காயவிடுங்கோ, நூறு இஞ்சிக்கு 3, 4 இஞ்சி சுருங்கும். அதுக்கும் சேத்து அரை யார் கூட எடுங்கோ.

முறிகண்டி அண்ணை:
அக்கா சொல்லுறது வடிவுக்குச் சரி. வெக்கைக்கு நான் சொல்லுறன். வெயில் கண்ணாடிக்குள்ளால உள்ள வந்தாப் பிறகு எவ்வளவு தடிச்ச துணி போட்டும் பெரிய பிரயோசனம் இல்லை, துணி சூடாகி அந்தச் சூடு வீட்டுக்குள்ளதானே நிக்கும். மேற்குக் கதவுக்கு வெளியால ஒரு பத்தி (சின்னச் சாய்ப்புக் கூரை) இறக்கி தட்டி தொங்கவிடுங்கோ, கிடுகோ மூங்கிலோ, சுருட்டிக் கட்டுற மாதிரி. சோளகக் காத்து அடிக்கேக்க வயல் புழுதியும் பாதி அதிலயே நிக்கும். பிறகு உள்ளுக்கு மெல்லிய துணியே காணும், தடிச்சதுக்குக் காசு ஏன்.

இன்னொண்டு, தெற்கு யன்னலைப் பற்றி ஆரும் யோசிக்கிறேல்லை. எங்கட பக்கம் சித்திரை வருசப்பிறப்பு மட்டில சூரியன் நேர உச்சிக்கு வரும், பிறகு ஓகஸ்ட் கடைசி மட்டும் மத்தியானத்தில வடக்குப் பக்கம்தான் நிக்கும். தெற்கு யன்னலுக்குள்ள வெயில் கூடுதலா விழுறது மார்கழி, தை மட்டிலதான். அதால பான்றிக்குப் பெரிசா மறைப்புத் தேவையில்லை.

முல்லைத்தீவுப் பெடியன்:
பான்றிக்கு ரோமன் பிளைண்ட் (மடிப்பு மடிப்பா மேல ஏறுற துணித்திரை) மட்டும் வேண்டாம் அக்கா. நாங்கள் ஆசைப்பட்டுப் போட்டு, ஒரு நாள் இறக்கேக்க மடிப்புக்குள்ளால பல்லி முட்டை ரெண்டு சிங்குக்குள்ள விழுந்திச்சு, அம்மா அண்டைக்கே அறுத்து எறிஞ்சிட்டா. ரோலர் பிளைண்ட் (உருளையில சுருளுற திரை) போடுங்கோ, ஈரத்துணியால துடைக்கலாம். நுளம்பு வலை அடிக்கிறதெண்டா பிளைண்டுக்கு முதல் அடியுங்கோ, பிறகு இடம் காணாது.

வவுனியா தையல்காரி:
தம்பி சொல்லுறது சரி. ரோலரையும் அதே மணல் கலரில எடுத்தா தனியாத் தெரியாது. அண்ணையின்ர தட்டி நல்ல யோசனைதான், ஆனா இரவில லைட் போட்டா வயலில நிக்கிறவனுக்கு வீடு முழுக்கத் தெரியும், மெல்லிய துணி மறைக்காது. லைனிங்கை விடாதேங்கோ.

பரந்தன் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. அண்ணையின்ர தட்டி இவருக்கு நல்லாப் பிடிச்சிட்டுது, வெல்வெட் கதையை விட்டிட்டார். தறப்பாள் கொட்டிலில இருந்த காலம் அம்மா தன்ர பழைய சீலையைக் குறுக்கால கட்டித்தான் நாங்கள் உடுப்பு மாத்தினது, இப்ப அவவே வந்து நிண்டு மணல் கலர் ஊத்தையாத் தெரியும், வேற கலர் பாருங்கோ எண்டுறா. இண்டைக்கு ஏழரை அடி அளந்து பென்சிலால கோடு போட்டம், பாத்தா மேற்குப் பக்கம் நிலம் கிழக்கை விட ஒண்டரை இஞ்சி பதிவு. பழைய வீடும் புதுசும் சேந்த இடம். அக்கா, கம்பியை நிலத்தில இருந்து அளக்கிறதோ, மட்டம் பிடிக்கிறதோ?

வவுனியா தையல்காரி:
மட்டம் பிடியுங்கோ. கண் கம்பியைத்தான் பாக்கும். துணியின்ர நீளத்தை நான் ஒவ்வொரு பக்கமும் வேற வேறயாத் தைச்சுத் தருவன், ரைல்ஸில இருந்து அரை இஞ்சி தூக்கி. கீழ் மடிப்பை இப்ப நூலோடி மட்டும் விடுவம், தொங்கவிட்டு ஒரு கிழமை போகட்டும், துணி இழுபட்டாப் பிறகு மடிச்சு அடிக்கிறன்.