மைக்கேல் பிஸ்பிங்கை அரங்கில் பார்த்தவர்கள்: அனுபவப் பகிர்வு

பிளாக்பர்ன், இங்கிலாந்து

கூண்டுச் சண்டை வீரர் மைக்கேல் பிஸ்பிங்கின் சண்டையை நேரில் பார்த்தவர்கள் நம்மில் சிலராவது இருப்பீர்கள். 30 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கணக்கில் வராததை எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

நான் இருப்பது அவர் வளர்ந்த கிளித்தரோவுக்குப் பக்கத்தில். பழைய கோட்டை, சந்தை, ஊருக்குப் பின்னால் பெண்டில் குன்று, அவ்வளவுதான் ஊர். ராணுவக்காரரின் பிள்ளை. 1979இல் சைப்ரஸில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத் தளத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஜுஜிட்சு கற்றார், அப்புறம் தொழிற்சாலை வேலைகளுக்குப் போனார். இந்தப் பக்கம் அப்போதெல்லாம் கூண்டுச் சண்டை என்றாலே முகம் சுளிப்பார்கள். கூண்டுச் சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சி முதன்முதலாக இங்கிலாந்துக்கு வந்தது 2002இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு. அதற்குப் பிறகு ஐந்து வருடம் இந்தத் திசைக்கே வரவில்லை. 2007 ஏப்ரலில் மான்செஸ்டரில் மறுபடி கடை விரித்தார்கள். பிஸ்பிங் 2006இல் யுஎஃப்சியின் டிவி போட்டி நிகழ்ச்சியான அல்டிமேட் ஃபைட்டரின் மூன்றாவது சீசனை வென்றிருக்காவிட்டால் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

நான் பார்த்தது 2016 அக்டோபரில், மான்செஸ்டர் அரங்கில் நடந்த யுஎஃப்சி 204. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் காசு கட்டிப் பார்ப்பவர்களுக்காக, இங்கே முக்கியமான சண்டைகளை ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். பிஸ்பிங் கூண்டுக்கு வரும்போது ஏறக்குறைய ஐந்து மணி. நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்த கூட்டம் அது.

எதிரே டேன் ஹெண்டர்சன். 2009 ஜூலையில், லாஸ் வேகஸில் நடந்த யுஎஃப்சி 100இல் பிஸ்பிங்கை இரண்டாவது சுற்றில் வலது கைக் குத்து ஒன்றால் சாய்த்தவர். நினைவிழந்து விழுந்தவரை, எகிறிக் குதித்து இன்னொரு குத்தும் விட்டார். அந்தக் காட்சியையே தன் சின்னமாக்கிக்கொண்டார் ஹெண்டர்சன். ஏழு வருடம் அதை எங்கே திரும்பினாலும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், சாம்பியன் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு அதே ஆளை எதிர்க்கத் தன் ஊர்ப்பக்கம் வந்திருக்கிறார்.

முதல் சுற்றிலேயே அதே வலது கை மறுபடி விழுந்தது. பிஸ்பிங் தரையில். என் பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்தார் பிஸ்பிங். இரண்டாவது சுற்றில் இன்னொரு முறை விழுந்தார், மறுபடி எழுந்தார். அப்புறம் மூன்றிலிருந்து ஐந்து வரை நடந்துகொண்டே, குத்திக்கொண்டே, 46 வயது ஹெண்டர்சனை மூச்சு வாங்க வைத்தார். புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இருவர் 48-47, ஒருவர் 49-46. மூவரும் பிஸ்பிங் பக்கம். ஹெண்டர்சன் ஜெயித்தார் என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை, நெருக்கமான சண்டைதான். வெளியே வந்தபோது விக்டோரியா ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று அதையே விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

*

ஹாரோ, லண்டன்

அண்ணா, நான் ஆண்டர்சன் சில்வா சண்டையைப் பற்றி எழுதுகிறேன். 2016 பிப்ரவரி 27, ஓ2 அரங்கம்.

சில்வா எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஹீரோ. அவர் ஜெயிக்கத்தான் டிக்கெட் எடுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. முதல் இரண்டு சுற்றும் பிஸ்பிங்குடையது. சில்வா வழக்கம்போல வேலியில் சாய்ந்து, கையைத் தொங்கப் போட்டு, வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தார். பிஸ்பிங் அதற்கெல்லாம் மயங்கவில்லை. வந்து குத்திவிட்டு விலகிவிட்டார்.

மூன்றாவது சுற்றின் கடைசி நொடிகள். பிஸ்பிங்கின் வாயிலிருந்து பல்லைக் காக்கும் உறை, மவுத் கார்டு, கீழே விழுந்துவிட்டது. அவர் கூண்டுக்குள் நின்ற நடுவர் ஹெர்ப் டீனைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார். அந்த இடைவெளியில் சில்வாவின் முழங்கால் பறந்து வந்து முகத்தில் இறங்கியது. மணியும் அடித்தது. சில்வா சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூண்டின் மேலேறிக் கொண்டாடுகிறார். நானும் எழுந்து கத்துகிறேன். கீழே பிஸ்பிங் வேலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், முகமெல்லாம் ரத்தம். முடியவில்லை, இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்பது அரங்கத்துக்குப் புரியவே நேரமானது.

அடுத்த சுற்றுக்கு அவர் எழுந்து வந்தார் பாருங்கள். அந்த இடத்தில் நான் கட்சி மாறிவிட்டேன். சில்வா மேலுள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் அந்த நிலைமையில் ஒருவர் எழுந்து வந்து இன்னும் பத்து நிமிடம் நிற்கிறார் என்றால் அவருக்காகக் கை தட்டாமல் எப்படி இருப்பது? புள்ளி போடும் மூன்று நடுவர்களும் பிஸ்பிங்குக்கு 48-47 கொடுத்தார்கள். ஓ2 இடிந்து விழும் போல இருந்தது.

*

சிட்னி

உங்களுக்கு விடிகாலை என்றால் எங்களுக்குப் பட்டப்பகல். இங்கே ஒலிம்பிக் பார்க்கில் நடக்கும் யுஎஃப்சிக்கு ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் போய் உட்காருவோம். பிஸ்பிங்கை இந்த அரங்கில் 2010இலும் 2011இலும் 2014இலும் பார்த்தேன். உங்கள் அளவுக்கு உருக என்னால் முடியாது.

2010இல் வாண்டர்லே சில்வாவிடம் தோற்றார், இவர் வேறு சில்வா. அது வெறும் விளையாட்டு. 2011 பிப்ரவரியில் ஜார்ஜ் ரிவேரா. முதல் சுற்றிலேயே, தரையில் முழங்கால் ஊன்றியிருந்த ரிவேராவின் தலையில் முழங்காலால் அடித்தார். விதிப்படி கூடாது. நடுவர் ஒரு புள்ளி குறைத்தார். இரண்டாவது சுற்றில் ஜெயித்த பிறகு ரிவேராவின் ஆட்கள் நின்ற பக்கம் போய் எச்சில் துப்பினார். சண்டைக்கு முன்னால் அவர்கள் வீடியோ போட்டுக் கேலி செய்தார்கள், உண்மைதான். அதற்காக? ஜெயித்த பிறகு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது? பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அமெரிக்காவில் அவரைக் கண்டாலே ஊளையிட்டார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

2014 நவம்பரில் லூக் ராக்ஹோல்ட். இரண்டாவது சுற்றில் இடது கால் உதை ஒன்று தலையில் பட்டது, பிஸ்பிங் விழுந்தார், ராக்ஹோல்ட் ஒரே கையால் கழுத்தை இறுக்கி முடித்துவிட்டார். அன்று அரங்கை விட்டு வெளியே வந்த யாரும் இந்த மனிதர் சாம்பியன் ஆவார் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

*

லெஸ்டர்

நான் கண் மருத்துவப் பிரிவில் நர்ஸ். சிட்னி அண்ணா சொன்ன அந்த இடது கால் உதையிலிருந்துதான் எனக்கு எழுதத் தோன்றியது.

2013 ஜனவரியில் சாவோ பாலோவில் விட்டோர் பெல்ஃபோர்ட்டும் இடது காலால்தான் தலையில் உதைத்தார். அது பிஸ்பிங்கின் வலது பக்கம் விழும். அதற்குப் பிறகுதான் வலது கண்ணில் விழித்திரை விலகியது தெரிந்தது. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். சுவரில் ஒட்டிய காகிதம் ஓரத்தில் கிழிந்தால் ஈரம் உள்ளே புகுந்து மொத்தமும் உரிந்து வருமே, அது போலத்தான். உரிந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் சரியாகக் கிடைக்காது, பார்வை செத்துப்போகும். அறுவை சிகிச்சையில் திரும்ப ஒட்ட வைத்து, அது விலகாமல் அழுத்திப் பிடிக்க வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ கண்ணுக்குள் நிரப்புவார்கள். அவருக்கு ஒரு முறையில் முடியவில்லை, பல அறுவை சிகிச்சைகள். கிளாக்கோமாவும் சேர்ந்துகொண்டது, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுப்பது. கடைசியில் அந்தக் கண்ணில் பார்வை இல்லை. இப்போது அதன் மேல் செயற்கைக் கண் பொருத்தியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு கேமரா முன்னாலேயே அதைக் கழற்றிக் காட்டினார்.

இதோடுதான் ராக்ஹோல்ட், ஆண்டர்சன் சில்வா, ஹெண்டர்சன், ஜார்ஜ் செயின்ட் பியர் எல்லாரோடும் மோதினார். ஒரு கண் போனால் அந்தப் பக்கத்துக் காட்சி போவது மட்டுமல்ல, தூரம் கணிப்பதும் கெடும். எங்கள் நோயாளிகள் கோப்பையில் டீ ஊற்றும்போது வெளியே சிந்துவார்கள். இவர் பறந்து வரும் கையைக் கணித்துக்கொண்டிருந்தார். மான்செஸ்டரில் ஹெண்டர்சன் வீசிய வலது கை எந்தப் பக்கம் விழும் என்று யோசித்துப் பாருங்கள். இடது பக்கம். மிச்சமிருந்த ஒரே கண் இருந்த பக்கம்.

அதனால் எனக்கு அந்தச் சண்டைகளை ரசிக்க முடியவில்லை. மருத்துவப் பரிசோதனைகளில் கண்ணின் நிலைமையை மறைத்துத்தான் தேறினேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். தைரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் பரிசோதித்து அனுமதித்தவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரு மனிதர் பிழைப்புக்காக மறைப்பார். அதைக் கண்டுபிடிக்கத்தானே டாக்டர்?

*

நாட்டிங்ஹம்

அக்கா சொல்வது சரி. நான் இங்கே ஒரு ஜிம்மில் பையன்களுக்கு எம்எம்ஏ, அதாவது இந்தக் கூண்டுச் சண்டை, சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கோணத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

ராக்ஹோல்ட், ஆண்டர்சன் சில்வா, கடைசியில் கெல்வின் கேஸ்டலம், மூவருமே சவுத்பா, அதாவது இடது கையைப் பின்னால் வைத்து நிற்பவர்கள். அவர்களுடைய பலமான கையும் காலும் பிஸ்பிங்கின் வலது பக்கம், பார்வையில்லாத பக்கத்திலிருந்து வரும். 2017 நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் செயின்ட் பியர் அவரை விழத் தட்டியதும் இடது ஹூக்கில்தான், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்தில். அப்புறம் பின்னாலிருந்து கழுத்தை இறுக்கினார். பிஸ்பிங் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் மயங்கிப் போனார். மூன்றே வாரத்தில் ஷாங்காயில் கேஸ்டலமின் இடது கை முதல் சுற்றிலேயே முடித்தது. தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சிகளில் அவர் முகத்தை லேசாக வலது பக்கம் திருப்பியே நிற்பது போல எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயம் டிஆர்டி, டெஸ்டோஸ்டிரோன் மாற்று சிகிச்சை. பட்டப் போட்டிக்கு முந்தைய படி என்று சொல்லக்கூடிய சண்டைகள் பிஸ்பிங்குக்கு மூன்று: 2009இல் ஹெண்டர்சன், 2012இல் சேல் சோனன், 2013இல் பெல்ஃபோர்ட். மூன்றிலும் தோல்வி. எதிரிகள் மூவருமே டிஆர்டி எடுத்ததைத் தாங்களே சொன்னவர்கள். அப்போது அனுமதி வாங்கி எடுக்கலாம் என்ற விதி இருந்தது, அதனால் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதி நியாயமானதா? இயற்கையாகப் பயிற்சி செய்து வருகிறவனுக்கு எதிராக, வயதால் குறையும் ஹார்மோனை ஊசியில் ஏற்றிக்கொண்டு வர ஒருவனை அனுமதிப்பது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்தான். நெவாடா ஆணையம் 2014 பிப்ரவரி 27இல் அதற்குத் தடை போட்டது. சரியாக இரண்டு வருடம் கழித்து அதே தேதியில்தான் ஓ2வில் சில்வா சண்டை.

சிட்னி அண்ணா எழுதிய 2014 தோல்விக்கு ஒன்றரை வருடம் கழித்து, கிறிஸ் வைட்மேனுக்குக் கழுத்தில் அடிபட்டு, அப்போது சாம்பியனாக இருந்த ராக்ஹோல்டுக்கு எதிராள் இல்லாமல் போனது. 17 நாள் அவகாசத்தில் கூப்பிட்டார்கள். பிஸ்பிங் டொரன்டோவில் ஒரு படப்பிடிப்பில் இருந்தார். 2016 ஜூன் 4, கலிஃபோர்னியாவின் இங்கில்வுட், முதல் சுற்று, இடது ஹூக். ராக்ஹோல்ட் கையைக் கீழே வைத்துக்கொண்டு, இவரால் என்ன செய்துவிட முடியும் என்பது போல நின்றார். யுஎஃப்சி பெல்ட் வாங்கிய முதல் பிரிட்டிஷ்காரர், 37 வயதில். என் பையன்களுக்கு அந்த ஹூக்கை இன்னும் போட்டுக் காட்டுகிறேன். பின்னால் போகிறவன் நேராகப் போகக் கூடாது, கை தாடைக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டுக்கும் அதைவிட நல்ல பாடம் இல்லை.

*

சிட்னி

நர்ஸ் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு 2014 சண்டையை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த உதை வருவதை அவர் பார்க்கவே இல்லை. எச்சில் துப்பியது பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தோல்வியை இனிமேல் அவருக்கு எதிரான கணக்கில் சேர்க்க மாட்டேன்.

*

பர்மிங்ஹம்

நான் 2022க்குப் பிறகு, எங்கள் ஊர் லியான் எட்வர்ட்ஸ் சாம்பியன் ஆனதைப் பார்த்து உள்ளே வந்தவன். பிஸ்பிங்கை வர்ணனையாளராகத்தான் தெரியும். ஓ2வில் கூண்டோர மேசையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், ஸ்க்ரீனில் அவர் முகம் வந்தாலே அரங்கம் ஆரவாரிக்கும். எந்தச் சண்டையிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

*

நாட்டிங்ஹம்

தம்பி, ராக்ஹோல்ட் நாக் அவுட்டிலிருந்து ஆரம்பிக்காதே, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் 2009 ஹெண்டர்சன் சண்டை. அடுத்து பெல்ஃபோர்ட். அப்புறம் 2015 ஜூலையில் கிளாஸ்கோவில் தேல்ஸ் லெய்ட்டெஸோடு நடந்த ஐந்து சுற்றுகள். யாரும் அதைப் பேசுவதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது. நடுவர்கள் பிரிந்து தீர்ப்புச் சொன்ன சண்டை, ஒற்றைக் கண்ணோடு எப்படித் தூரத்தைக் காப்பாற்றினார் என்பது அதில்தான் நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு சில்வா, ராக்ஹோல்ட், மான்செஸ்டர் என்று வரிசையாகப் போ.

*

லெஸ்டர்

பர்மிங்ஹம் தம்பிக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேஸ்டலம் சண்டைக்குப் பிறகு நல்ல கண்ணிலும் மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததாக பிஸ்பிங் சொல்லியிருக்கிறார். கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற பொருள் விழித்திரையிலிருந்து விலகியிருந்தது. 2018 மே மாதம் ஓய்வை அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீயும் ஜிம்முக்குப் போகிறாய் என்றால் கேட்டுக்கொள்: கண்ணில் மின்னல், திடீரென்று கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது போல நிழல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே கண் அவசரப் பிரிவுக்குப் போ. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே.