மழை மறுநாள் பொழியில கொடுவா: பாத்தது, கேட்டது

மணக்குடி தூண்டில்:
ஐப்பசி மழை ராத்திரி பூரா ஊத்தின மறுநாள் காலை. மணக்குடிப் பொழி, அதாவது ஆறு கடல்ல சேர்ற இடம்; பாலத்தடியில பழையாறு செக்கச்செவேல்னு ஓடுது. மிதக்குற பொய்மீன் மூணு நிறம் மாத்திப் போட்டும் ஒரு கடி இல்ல. பக்கத்துல கைத்தூண்டில்காரர் ஒருத்தர் 40 கிராம் ஈயத்தோட உயிர் இறாலைத் தரையில கிடத்தி, மூணரை கிலோ கொடுவா மீன் ஒண்ணைத் தூக்கிட்டார். அந்த ஈயத்தை நாக்குல வச்சா கரிக்குது. மேல்தண்ணியை அள்ளி வாயில விட்டா உப்பே இல்ல!

குழித்துறையான்:
ஈயத்தை நக்காதீங்க அண்ணே, விஷம். நூலை நக்குனாலே தெரியும்.
உப்புத்தண்ணி கனம், அடியில தங்கும். மழைத்தண்ணி அதுக்கு மேல வழுக்கிட்டுப் போகும். கடல் ஏற்றம் (கடல்மட்டம் உயர்றது) ஏறுற நேரத்துல மேல்தண்ணி கடலுக்கு ஓடுது, அடியில ஆத்துக்குள்ள வருது. இறாலும் பொடிமீனும் அந்த அடித்தண்ணியிலதான்.

பொழிக்கரை:
நல்லதண்ணி கொடுவாவுக்கு ஆகாதுன்னு நினைச்சிராதீங்க. குளத்துலயே வளக்கிறாங்க. மேல வராததுக்குக் காரணம் ஒழுக்கும் கலங்கலும்தான். செந்தண்ணியும் பச்சைத்தண்ணியும் முட்டுற இடத்துல நுரைக்கோடு விழும் பாருங்க, அதுக்குப் பச்சைப் பக்கம் ரெண்டு மூணு அடி தள்ளிப் போடணும். கோட்டுக்கு உள்ள போட்டா பாசியும் ஆகாயத்தாமரை வேரும்தான் மாட்டும்.

குளச்சல் கச்சான்:
எல்லாம் காத்தழுத்தம் மக்கா. போன்ல அழுத்தம் இறங்குற அன்னைக்குத்தான் கடி.

குழித்துறையான்:
கணக்குப் போட்டுப் பாருங்க. 1 மில்லிபார்ங்கிற அழுத்தம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரத் தண்ணியோட அழுத்தம். ஏற்றம் அரை மீட்டர் ஏறினா தரையில கிடக்குற மீனுக்கு 50 மில்லிபார் கூடுது, அதுவும் ஆறு மணி நேரத்துல. சாதாரண மழைநாள்ல காத்தழுத்தம் அஞ்சாறு மில்லிபார்தான் இறங்கும். அதையா மீன் கவனிக்கும்? அழுத்தம் இறங்குறப்ப மேகம் மூடுது, வெளிச்சம் குறையுது, காத்து தண்ணி மேல சிற்றலை எழுப்புது. கொடுவா பாலத்தூண் நிழலை விட்டு வெளிய வர்றது அதனாலதான்.

தேங்காப்பட்டணம் 2:
கேட்காமச் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. ஐப்பசி இடி மத்தியானத்துக்கு மேலதான் கட்டும், அதனால விடியக்காலம் வந்து 11 மணிக்குள்ள ஏறிடுங்க. கார்பன் தடி மின்சாரம் கடத்தும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எத்தனை விநாடியோ அதை மூணால வகுத்தா கிலோமீட்டர். 30 விநாடிக்குள்ள இடி கேட்டாலே தடியைக் கீழ வச்சிட்டுக் கரை ஏறிடணும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்கணும். தென்னை மூட்டுல ஒதுங்கக் கூடாது; கார் இருந்தா கண்ணாடியை ஏத்திவிட்டு உள்ள இருங்க. காத்தே இல்லாம அலை மட்டும் நெடுசா எழும்பினா கள்ளக்கடல். தூண்டில் வளைவு, அதான் அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள வளைச்சுப் போட்ட கல்சுவர், அந்தப் பாறைப் பக்கமே போகாதீங்க.

மணக்குடி தூண்டில்:
இடி சரி அண்ணே. அடியில இறாலை எப்படிக் கட்டணும்?

பொழிக்கரை:
நூல்ல ஓடுற ஈயம், அதுக்குக் கீழ சுழலி (நூல் முறுக்காம சுழல்ற வளையம்), பிறகு 50 பவுண்டு தாங்குற நரம்பு முக்கால் மீட்டர். மெல்லிசு போட்டா செவுள் மூடி அறுத்துடும். 5/0 அளவு வட்டத் தூண்டில், முனை உள்பக்கம் வளைஞ்ச முள். இறால் தலைக்கொம்புக்கு அடியில, உள்ள தெரியுற கறுப்புப் புள்ளியைத் தொடாமக் கோக்கணும். அதைக் குத்தினா அந்த நிமிஷமே செத்துடும். கடிச்சா வெட்டி இழுக்காதீங்க. நூல் ஓடட்டும், பிறகு உருளையைச் சும்மா சுத்துங்க, வாய் ஓரத்துல தானா மாட்டும்.